முதல் பாகம் வந்த மாதம்

சங்கரன்கோவில்
14-11-1983

அன்பு மகன் அருமைநாயகத்துக்கு உன் அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீ அந்தக் குளிரிலும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நடமாடிக்கொண்டு இருக்கிறேன். சுகம் என்று எழுதப் போனேன், பேனா ஓடவில்லை, ஆகையால் நடமாடுகிறேன் என்றே எழுதுகிறேன். நீ அனுப்பிய ஏரோகிராம்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் அக்காவின் கல்யாணப் பத்திரிகை ஏன் வரவில்லை, தேதி தள்ளிப் போயிற்றா என்று கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழேயே உன் கட்டுரையை ஊரில் யாராவது படித்தார்களா, என்ன சொன்னார்கள் என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதை உனக்கு எழுதக் கூடாது என்று பூரணம் என்னிடம் சொல்லியிருந்தாள். அவன் படிப்பு கெட்டுப் போகும்மா, முடிச்சிட்டு வரட்டும் என்றாள். நானும் ஓடு ஒழுகுகிறது, முழங்கால் வலிக்கிறது, குருவிகுளம் பக்கம் மழையே இல்லை என்று எதையாவது எழுதி நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் வந்த கடிதத்தில், கட்டுரையைப் படித்து அக்கா பெருமைப்பட்டிருப்பாளே என்று எழுதியிருந்தாய். இனிமேல் மழையைப் பற்றி எழுத என்னால் முடியாது.

உனக்குத் தெரிந்ததையே முதலில் எழுதுகிறேன். நீ மறந்துவிட்டாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். உன் அக்கா ஞானபூரணம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, கல்யாணமானவன் என்று தெரிந்தே அந்த பாங்க் கிளார்க்கோடு போனாள். தெரியாமல் ஏமாந்தாள் என்று நான் ஒருநாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஒரு வருஷத்துக்குள் அவன் தன் பெஞ்சாதியிடமே திரும்பிப் போய்விட்டான், இவள் ஒரு பெட்டியோடு நம் வாசலில் வந்து நின்றாள். சபையார் முன்னால் எழுந்து நின்று தன் பாவத்தை அறிக்கையிட்டாள். அப்படியும் அவளைத் திருவிருந்துக்குச் சேர்க்கக் கூடாது என்று கமிட்டியில் பாதிப் பேர் நின்றார்கள். அப்போது பழைய பாஸ்டர் ஐயா இருந்தார், அந்தப் புண்ணியவான் யாரோடும் வாதாடவில்லை. பெங்களூரில் வேதசாஸ்திரம் படித்துக்கொண்டிருந்த நீ லீவுக்கு வந்திருந்தாய். உன்னைக் கமிட்டி கூடுகிற வெஸ்ட்ரி அறைக்குக் கூப்பிட்டு யோவான் சுவிசேஷம் எட்டாம் அதிகாரத்தைத் திறந்து கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். விபசாரத்தில் பிடிபட்ட அந்தப் பெண்ணை இயேசுவின் முன்னால் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவதும், அவர் குனிந்து தரையில் எழுதுவதும், கல்லோடு வந்தவர்கள் பெரியவர் தொடங்கி ஒவ்வொருவராகப் போய்விடுவதும் வருகிற இடம். நீ பாதியில் கொஞ்சம் நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டு மீதியையும் வாசித்தாய். முடித்ததும் எதிர்த்து நின்றவர்களும் சரி என்று தலையாட்டினார்கள். கமிட்டி செக்ரட்டரி தங்கப்பழம் அண்ணாச்சி, அந்த வத்தல் கமிஷன் கடைக்காரர், அவர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு பூரணம் எனக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கித் திருவிருந்து எடுத்தாள். அன்றைக்கு அடக்கிக்கொண்டவருக்கு இந்த ஏழு வருஷமும் அது உள்ளேயே உறுத்திக்கொண்டு இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாமல் போயிற்று. அவருடைய மூத்த மகளுக்கும் அடுத்தவளுக்கும் நான்தான் பிரசவம் பார்த்தேன். ரோட்டில் பார்த்தால் நர்சம்மா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

இந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் வெள்ளத்துரை தானாக வந்து பெண் கேட்டதை உனக்கு எழுதியிருந்தேன். நம் ரயில்வே ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், பெஞ்சாதி இறந்து மூன்று வருஷம், பிள்ளை இல்லை. எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கேன் அத்தை, எனக்கும் ஒரு துணை வேணும்லா என்றார். பூரணம் ஒரு வாரம் யோசித்துச் சரி என்றாள். சரி என்று சொன்ன அன்று அவள் ரசம் வைக்கும்போது பாடிக்கொண்டே வைத்தாள். அவள் பாட்டை நான் கேட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. தடை உண்டா என்று கேட்டுக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையை முதல் ஞாயிறு வாசித்தார்கள், இரண்டாவது ஞாயிறும் வாசித்தார்கள். அந்த வாரம்தான் ஆடித் தபசுக் கூட்டம், ஊருக்குள் பஸ் நுழைய முடியவில்லை, தபால் எல்லாம் தாமதமாக வந்தது. தாமதமாக வந்ததில் நம் சபைகளின் மாதப் பத்திரிகையும் ஒன்று. நீ எழுதிய கட்டுரையின் முதல் பாகம் அதில்தான் இருந்தது.

நான் அதை வாசித்தேன். என் மகன் பெயரை அச்சில் பார்த்துவிட்டு முதலில் அழுதேன், பிறகுதான் வாசித்தேன். அந்தப் பெண்ணின் கதை மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்று எழுதியிருந்தாய். கிரேக்க நாட்டுப் பக்கத்து ஆதிகாலப் போதகர்கள் யோவானுக்கு விளக்கம் எழுதும்போது அந்த இடத்தைத் தொடாமலே போகிறார்கள் என்றும், அதன் நடை யோவானுடைய நடை அல்ல என்றும், சில பிரதிகளில் அது லூக்காவுக்குள்ளும் சிலவற்றில் புத்தகத்தின் கடைசியிலும் கிடக்கிறது என்றும், ஆகவே பின்னால் வந்த யாரோ சேர்த்தது என்றும் வரிசையாக நிரூபித்திருந்தாய். கடைசியில் தொடரும் என்று போட்டிருந்தது. பூரணம் வாசித்துவிட்டு மடித்து வைத்தாள், உள்ளதத்தான எழுதியிருப்பான் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு அதை வாசிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் எங்கள் இருவரையும் வெஸ்ட்ரிக்கு வரச் சொன்னார்கள். அதே அறைதான். பழைய பாஸ்டர் ஐயா மாற்றலாகிப் போய் இப்போது இருப்பவர் சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை, யார் மனமும் கோணாமல் நடக்க வேண்டும் என்று நினைப்பவர். தங்கப்பழம் அண்ணாச்சி பத்திரிகையை மேஜையில் விரித்து வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார், ஒரு சொல் தடித்துப் பேசவில்லை. நான் ஒண்ணும் புதுசாச் சொல்லல, இவங்க தம்பிதான் ஜெர்மனியில இருந்து எழுதுதான், அந்தக் கதை யோவான் எழுதினதே இல்லையாம், பொறவு வந்த எவனோ சொருகினதாம், அப்போ அன்னைக்கு நாம இல்லாத வேதத்த வச்சில்லா இந்தப் பிள்ளைய சேத்திருக்கோம் என்றார். எல்லோரும் பாஸ்டர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். அண்ணாச்சி சொல்லுறது படிப்புப்படி சரிதான், எங்க காலேஜ்லயும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசை. ஆனால் இருக்கிறது. தெரிந்த உண்மையை அந்த நேரத்தில் வாய்க்குள் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும். கமிட்டியில் முடிவாகச் சொன்னது இதுதான். பூரணம் மறுபடியும் ஒரு ஞாயிறு சபையார் முன்னால் நின்று அறிக்கையிட வேண்டும், அதன் பிறகு ஆறு மாதம் திருவிருந்து இல்லாமல் பின் வரிசையில் உட்கார வேண்டும், அதற்கு அப்புறம் கல்யாணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நான் பேச எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்தாள். குரல் உயரவில்லை, இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிற அதே குரல். அன்னைக்கு என்னை சேத்துக்கிட்டது அந்தக் கதையா, நீங்களா என்று கேட்டாள். கதைதான்னா, நீங்க என்னைய சேக்கவே இல்ல, நான்தான் சேத்துக்கிட்டாங்கன்னு நெனச்சு இத்தன வருஷம் உங்களோட உக்காந்திருந்திருக்கேன் என்றாள். சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் ஒரு நிமிஷம் அங்கேயே இருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எட்டாம் அதிகாரத்தில் கல்லோடு வந்தவர்கள் போனார்கள், அவள் நின்றாள். நம் சபையில் அவர்கள் நாற்காலியில் இருந்தார்கள், அவள் போனாள்.

வெள்ளத்துரை மறுநாள் டியூட்டி முடிந்து வந்தார். நல்ல மனுஷன்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் இன்னும் கசக்கிறது. ஒரு ஞாயித்துக்கிழமைதான பூரணம், ரெண்டு நிமிஷம் நின்னு நாலு வார்த்தை சொல்லிட்டு வந்துரு, ஆறு மாசம் என்ன, நான் காத்துக்கிட்டு இருக்கேன் என்று கெஞ்சினார். அப்படியானால் ரிஜிஸ்டர் ஆபீஸில் முடித்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, இளையரசனேந்தலில் இருக்கும் அவருடைய அம்மா கோயில் இல்லாமல் கல்யாணம் என்றால் உயிரை விட்டுவிடுவாள் என்றார். பூரணம் அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒரு தடவ நின்னாச்சு, அன்னைக்கு நின்னு அழுதது நெசம், இன்னொரு தடவ நின்னா ரெண்டுமே நடிப்பாப் போயிரும், நடிச்சிட்டு வந்து உங்க வீட்டுல என்னால வெளக்குப் பொருத்த முடியாது என்றாள். அவர் காப்பியைக் குடித்தார். டம்ளரை அவரே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டுப் போனார். போன மாதம் அவருக்குக் குருவிகுளத்துப் பெண்ணோடு கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர் வாசலோடு என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே பார்க்காமல் திரும்பிவிட்டார்.

இனி உன் இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். அடுத்த மாதப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பாஸ்டரே வேகு வேகென்று சைக்கிளில் வந்தார். அம்மா, இந்த மாசம் உங்க மகன் வேற மாதிரி எழுதியிருக்கான், இத நான் கமிட்டியில வாசிக்கப் போறேன் என்றார், முகமெல்லாம் சந்தோஷம். யோவான் எழுதியது அல்ல என்றாலும் அது இயேசுவைப் பற்றிய மிகப் பழைய நினைவாக இருக்க வேண்டும், எங்கே வைப்பது என்று தெரியாவிட்டாலும் எறிந்துவிட மனம் இல்லாமல் ஆதி விசுவாசிகள் அதை ஒவ்வோர் இடத்தில் பாதுகாத்து வைத்தார்கள் என்று எழுதியிருந்தாய். தங்கள் பெஞ்சாதிமாருக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று பயந்த ஆண்கள் சிலர்தான் அதை வெட்டி எடுத்தார்கள் என்று அந்தக் காலத்துப் பெரியவர் ஒருவரே சொல்லியிருக்கிறாராம், அதையும் எழுதியிருந்தாய். கடைசியில், ஒரு சின்ன ஊர்ச் சபையில் அந்தப் பகுதியை நீ வாசித்தபோது மனிதர்கள் தங்கள் கையில் இருந்த கல்லைக் கீழே போட்டதைக் கண்ணால் பார்த்ததாகவும், அன்று தொடங்கிய தேடல்தான் உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது என்றும் எழுதி முடித்திருந்தாய். அதை வாசித்தபோதுதான் என் மகனே எனக்கு உன் மேல் ஆற்ற முடியாத கோபம் வந்தது. மறந்துபோய் எழுதிவிட்டான் பாவம் என்று அதுவரைக்கும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நீ மறக்கவில்லை. ஞாபகம் வைத்திருந்து, பத்திரமாக அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறாய். முதலில் மூலம், பிறகு பொருள் என்பது நீங்கள் அங்கே படிக்கிற ஒழுங்கு போலிருக்கிறது. இங்கே மனுஷர் அப்படி ஒழுங்காகக் காத்திருக்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரியாதா, நீ இந்த ஊரில் பிறந்தவன்தானே.

பூரணம் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். பத்திரிகையைப் பாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்து, தம்பி நல்லா எழுதியிருக்கான், இதுவும் உள்ளதாத்தான் இருக்கும் என்றாள். பிறகு, ஆனா ஐயா, போன மாசப் புஸ்தகத்த வச்சு வெளிய போடுதீங்க, இந்த மாசப் புஸ்தகத்த வச்சு உள்ள கூப்பிடுதீங்க, அடுத்த மாசம் என்ன வரும்னு எனக்குத் தெரியலையே என்றாள். அவர் தலையாட்டினார், அவருக்கும் தெரியவில்லை. கமிட்டியில் வாசித்தாரா என்று நான் கேட்கவில்லை. வாசித்திருந்தாலும் தங்கப்பழம் அண்ணாச்சி அன்றைக்குக் கடையில் லோடு இறங்குகிறது என்று வராமல் இருந்திருப்பார்.

புரட்டாசியில் அவள் கடையநல்லூருக்குப் போய்விட்டாள். அங்கே ஹபீப் முகம்மது என்பவர் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை. துபாய்க்கும் சவுதிக்கும் போக இருக்கிற பையன்கள் சாயங்காலமும் பொம்பளைப் பிள்ளைகள் காலையிலும் வருகிறார்கள். மைமூனம்மாள் என்கிற விதவை வீட்டு மாடியில் ஒரு அறை. குடியமர்த்த நானும் போயிருந்தேன். அந்தம்மா இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்லதண்ணி காலையிலதான் வரும், வெள்ளன எந்திரிச்சிருவியாம்மா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். நான் திரும்பி வருகிற ரயில் முழுக்க அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டே வந்தேன். அங்கே அவள் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. பைபிளை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள், மறந்து விட்டுப் போனதாக நான் நினைக்கவில்லை.

நீ கண்டுபிடித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் வயிற்றில் பிள்ளை இறந்துபோயிற்று என்று ஒரு தாயிடம் சொல்ல வேண்டி வந்தால் வாசலில் நின்றுகொண்டு பாதியைச் சொல்லிவிட்டு மீதியை அடுத்த டியூட்டியில் சொல்ல மாட்டோம். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்போம். உன்னை ஜெர்மனிக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர்கள் எத்தனையோ பாஷை சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன ஞாயிறு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பாஸ்டர் இப்போது யோவான் சுவிசேஷத்தைத்தான் வாரா வாரம் தொடர்ந்து வாசித்து வருகிறார். போன ஞாயிறு எட்டாம் அதிகாரம். அவர் முதல் பதினோரு வசனத்தையும் விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வசனத்திலிருந்து தொடங்கினார். என்னைப் பார்த்துவிட்டு, எனக்கு வேதனையாக இருக்கும் என்று விட்டாரோ, தங்கப்பழம் அண்ணாச்சிக்குப் பயந்து விட்டாரோ, படிப்புப்படி விட்டாரோ, எனக்குத் தெரியாது. சபையார் எல்லோரும் விரலை நகர்த்திப் பன்னிரண்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. மேலே இருந்த பதினொன்றையும் வாய்க்குள்ளேயே முதலிலிருந்து வாசித்தேன், நீ நிறுத்தின இடத்தில்கூட நிறுத்தாமல் வாசித்தேன். முடிக்கும்போது பாஸ்டர் அதிகாரத்தின் நடுவில் இருந்தார். பக்கத்தில் இருந்த தங்கப்பழம் அண்ணாச்சியின் மூத்த மகள் என் பைபிளை எட்டிப் பார்த்துவிட்டு, தன் கையில் இருந்த பைபிளிலும் மெதுவாக ஒரு பக்கம் பின்னால் திருப்பினாள். என்ன நினைத்துத் திருப்பினாளோ, நான் அவளைப் பார்க்கவில்லை.

சளி பிடித்தால் வெந்நீரில் மஞ்சள் போட்டு ஆவி பிடி, மாத்திரையையே நம்பாதே. இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு உடனே விமானம் ஏறி வர வேண்டாம், வந்து கமிட்டியில் பேசவும் வேண்டாம், தொடங்கிய படிப்பை முடி. அப்பா இருந்திருந்தால் உன் பெயரை அச்சில் பார்த்து ஊரெல்லாம் காட்டியிருப்பார், அவர் இல்லாமல் போனதற்கு முதல்முறையாக ஆறுதல் பட்டுக்கொண்டேன். கோபத்தோடு எழுதினாலும் நீ என் பிள்ளை, நீ போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னோடு இருக்கட்டும், உன் கண்ணுக்கும் கைக்கும் பெலன் தரட்டும், உன்னால் இன்னொரு வீட்டில் அழுகை கேளாதிருக்கட்டும்.

பூரணத்தின் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளுக்கு உன் கையாலேயே எழுது. மன்னிப்புக் கேட்கிறதானாலும், நான் செய்தது சரிதான் என்கிறதானாலும், மனதில் உள்ளதை எல்லாம் ஒரே கடிதத்தில் எழுதி முடித்துவிடு. பாதியை அடுத்த மாதத்துக்கு வைக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
வே. அன்னபாக்கியம்